சர்க்யூட் டிசைன் பேராசிரியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனலாக் சர்க்யூட் டிசைன் பாடம் எடுத்து, மாணவர்களோடு சிப் செய்து, இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் கதவருகே நின்று கேட்பவர்கள், பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சலில் கேட்பவர்கள், மகளையோ மகனையோ இந்த வழியில் விடலாமா என்று கேட்கும் பெற்றோர் என எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவதற்கு மனசு ஒப்பவில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்னா மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர்தானே? இதுல சிப் எங்கிருந்து வந்தது?

மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் இந்தத் துறையின் ஒரு கிளை. கட்டுப்பாட்டு அமைப்புகள், தகவல் தொடர்பு, சிக்னல் ப்ராசஸிங், செமிகண்டக்டர் சாதனங்கள், சர்க்யூட் டிசைன் எல்லாம் மற்ற கிளைகள். பல பல்கலைக்கழகங்களில் இவை அனைத்தும் ஒரே துறையின் கீழ்தான் இருக்கும்.

டிரான்சிஸ்டரையே புது வடிவத்தில் உருவாக்குகிறவர் டிவைஸ் ஆராய்ச்சியாளர். ஃபேப் எனப்படும் சிப் தயாரிக்கும் ஆலை தரும் டிரான்சிஸ்டர்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து ஆம்ப்ளிஃபையரோ ரேடியோவோ செய்கிறவர் சர்க்யூட் டிசைனர். செங்கல் சுடுபவருக்கும் வீடு கட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் செங்கலின் குணம் தெரியாமல் வீடு கட்ட முடியாது. அதனால் டிவைஸ் பாடத்தைத் தள்ளிவிட்டு சர்க்யூட்டுக்கு வர வேண்டாம்.

சர்க்யூட் டிசைன் பேராசிரியருக்குப் பாடம் எடுக்கிறதைத் தவிர வேற என்ன வேலை?

வகுப்பில் நிற்பது வாரத்தில் சில மணி நேரம்தான். அதற்கான தயாரிப்பு, வீட்டுக் கணக்கு, தேர்வுத்தாள் எல்லாம் சேர்ந்தால்தான் கற்பித்தல் ஒரு பெரிய வேலையாகிறது. மீதி நேரம் ஆய்வகத்துக்கு. மாணவரோடு உட்கார்ந்து சர்க்யூட்டைப் பிரித்து மேய்வது, லேஅவுட்டை, அதாவது சிப்பில் எது எங்கே வரும் என்று காட்டும் வரைபடத்தை, திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு கம்பியாகப் பார்ப்பது, அளந்து எடுத்த வளைவு கணக்குப் போட்டபடி ஏன் வரவில்லை என்று தேடுவது. அப்புறம் நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, பிறர் கட்டுரைகளை மதிப்பிடுவது, துறைக் கூட்டங்கள்.

இந்த வேலைக்கே உரிய ஒரு குணம் உண்டு. எல்லாமே சிப்பின் காலக்கணக்கில்தான் நடக்கும். ஒரு யோசனை தோன்றி, அது சிப்பாகி, மேசையில் அளந்து முடிக்க ஒன்றரை வருடம் சர்வசாதாரணமாக ஆகிவிடும். மாணவரின் படிப்பு, வழிகாட்டியின் பதவி உயர்வு, நிதியின் கெடு எல்லாம் அந்த ஒன்றரை வருடத்தைச் சுற்றித்தான் அமைகின்றன. கீழே வரும் பல பதில்களின் அடியில் இருப்பது இதுதான்.

அனலாக் எடுக்கவா, டிஜிட்டல் எடுக்கவா? அனலாக் செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே.

நான் மாணவனாக இருந்தபோதே இந்தப் பேச்சு இருந்தது. ஒலி, ஒளி, வெப்பம், ரேடியோ அலை எதுவும் 0, 1 ஆக வருவதில்லை. தொடர்ந்து மாறும் அந்த அளவுகளை அப்படியே கையாள்வதுதான் அனலாக். ஆன்டெனாவுக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபையர், மிக்சர், ஃபில்டர், அனலாக்-டிஜிட்டல் மாற்றி என்று ஒரு வரிசை இருந்தே ஆக வேண்டும். முழு டிஜிட்டல் சிப் என்று சொல்லப்படுவதற்குள்ளும் கடிகாரத் துடிப்பு தரும் பிஎல்எல், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், சிப்புக்குச் சிப் தரவு அனுப்பும் அதிவேக இணைப்பு எல்லாம் அனலாக் ஆட்களின் கைவேலை.

டிஜிட்டலில் 0, 1-ஐக் கையாளும் கேட் எனப்படும் சிறு சர்க்யூட்களை லட்சக்கணக்கில் மென்பொருள் கருவிகள் இடம் பார்த்து அடுக்கிக் கொடுத்துவிடும். உங்கள் மூளை கட்டமைப்பில் செலவாகும். அனலாக்கில் இருபது டிரான்சிஸ்டரோடு ஆறு மாதம் உட்கார வேண்டிவரும். இரண்டிலும் ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள், பதில் தானாகத் தெரிந்துவிடும்.

பேராசிரியர் ஆக மொத்தம் எத்தனை வருஷம் ஆகும்?

இளங்கலைக்கு 3 அல்லது 4 வருடம். பிஎச்டி ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலைக்குப் பிறகு 4 வருடம். அமெரிக்காவில் இளங்கலையிலிருந்து நேராகச் சேர்ந்தால் 5 முதல் 6 வருடம். அதன்பின் சிலர் நேரே உதவிப் பேராசிரியராகிறார்கள். பலர் நடுவில் கம்பெனிக்கோ முதுமுனைவர் ஆராய்ச்சிக்கோ போய் வருகிறார்கள். அமெரிக்க முறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறாவது வருடவாக்கில் டென்யூர் எனப்படும் நிரந்தரப் பதவிக்கான பரிசீலனை நடக்கும். கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இந்த ஆறு வருடத்தை மேலே சொன்ன ஒன்றரை வருட சிப் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஆய்வகம் அமைத்து முதல் மாணவரைச் சேர்க்க ஒரு வருடம். அவர் பாடங்களை முடித்துக் கருவிகளைப் பழக இன்னொரு வருடம். மிச்சமிருப்பதில் இரண்டு தலைமுறை சிப் வந்தாலே பெரிது. அதனால் புதிதாகச் சேரும் இளையவர்களிடம், முதல் சிப் கண்டிப்பாக வேலை செய்யும்படி எளிமையாக இருக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். உலகத்தையே புரட்டும் யோசனையை இரண்டாவது சிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியில பத்து வருஷம் வேலை பார்த்துட்டு வந்தா லேட்டா? பிஎச்டி இல்லாம முடியுமா?

லேட்டே இல்லை. இந்தத் துறையில் அது பலம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சர்க்யூட் ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட டொனால்ட் பெடர்சன் அதற்கு முன் பெல் ஆய்வகத்தில் இருந்தவர். பால் கிரே 1971-ல் பெர்க்லிக்கு வந்தது ஃபேர்சைல்ட் கம்பெனியிலிருந்து. அசாத் அபிதி, பெசாத் ரசாவி இருவரும் கம்பெனி ஆய்வகங்களில் இருந்துவிட்டுத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு வந்தார்கள். விற்பனைக்குப் போகிற சிப்பில் என்னவெல்லாம் உடையும் என்று கையால் தெரிந்தவர் எடுக்கும் வகுப்புக்குத் தனி கனம் இருக்கும்.

பிஎச்டி இல்லாமல் தலைசிறந்த டிசைனராக முடியும். 1968-ல் பேரி கில்பர்ட் வெளியிட்ட பெருக்கல் சர்க்யூட்டின் வழித்தோன்றல்கள் இன்றும் ரேடியோ சிப்களில் மிக்சராக இருக்கின்றன. அவர் பிஎச்டி படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. ஆனால் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டும் நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு எங்கும் பெரும்பாலும் பிஎச்டி கேட்பார்கள். பாடம் மட்டும் எடுக்க வேண்டுமானால் தொழில்துறை அனுபவத்துக்கென்றே தனிப் பதவிகள் பல இடங்களில் உண்டு.

எனக்குக் கணக்கு சுமார்தான். சர்க்யூட் டிசைன் வருமா?

லாப்லாஸ் மாற்றம், நேரியல் இயற்கணிதம், இரைச்சலைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நிகழ்தகவு, இவை வேண்டும். இவற்றில் மேதையாக இருக்க வேண்டியதில்லை. அன்றாடம் வேண்டியது வேறு ஒரு திறமை: தாளின் ஓரத்தில் இரண்டு வரியில் போட்டு அளவு சொல்லத் தெரிவது.

ஒரு உதாரணம். ஸ்விட்ச் வழியாக ஒரு கெப்பாசிட்டரில் மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்கிறீர்கள். 1 பிகோஃபாரட் என்றால் அறை வெப்பநிலையில் அதோடு சேர்ந்து சுமார் 64 மைக்ரோவோல்ட் வெப்ப இரைச்சலும் பிடிபடும். ஸ்விட்ச் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது மாறாது. இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் கெப்பாசிட்டரை நான்கு மடங்காக்க வேண்டும். அதே வேகத்தில் அதை நிரப்ப ஆம்ப்ளிஃபையருக்கும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மின்சாரம் போகும். துல்லியம் ஒரு பிட் கூடினால் மின்செலவு நான்கு மடங்கு என்று வாய் சொல்லும் முன் கை சொல்ல வேண்டும். இது பழக்கத்தில் வருவது. கணக்கில் சுமாராக இருந்து, இந்தப் பழக்கத்தால் மிக நல்ல டிசைனர்களான மாணவர்கள் எனக்கு உண்டு.

டேப்-அவுட், டேப்-அவுட்னு எல்லாரும் பதட்டப்படுறாங்களே, அது என்ன?

வரைந்து முடித்த லேஅவுட்டை ஃபேபுக்கு அனுப்பும் நாள். ஒரு காலத்தில் காந்த நாடாவில் பதிந்து அனுப்பியதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். இன்று ஒரு கோப்பை ஏற்றிவிட்டால் போதும். ஆனால் ஏற்றியபின் திரும்ப வாங்க முடியாது. ஃபேபின் அட்டவணையில் உங்கள் பிராசஸுக்கு (நீங்கள் தேர்ந்தெடுத்த தயாரிப்பு முறைக்கு) வருடத்தில் சில தேதிகள்தான் இருக்கும். தவறவிட்டால் அடுத்த தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

கடைசி வாரம் இப்படி இருக்கும். டிசைன் விதிச் சோதனை, லேஅவுட்டும் சர்க்யூட்டும் பொருந்துகிறதா என்ற சோதனை, கம்பிகளில் வேண்டாமலே சேரும் ஒட்டுண்ணிக் கெப்பாசிட்டன்ஸைச் சேர்த்து மறுபடி சிமுலேஷன், அதாவது சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைக்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: டேப்-அவுட்டுக்கு முந்தைய நாள், அந்த சிப்பில் வேலையே செய்யாத ஒருவர் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பேடையும் (வெளிக்கம்பி வந்து ஒட்டும் சிறு உலோகத் தளத்தையும்) விரல் வைத்துக் காட்டி "இது எங்கே போகிறது?" என்று கேட்க வேண்டும். ஒரு முறை மின்வழங்கல் பேட் ஒன்று எதோடும் இணையாமல் தனியாக நின்றதைக் கண்டுபிடித்தது அப்போதுதான் சேர்ந்திருந்த முதல் வருட மாணவி. மூன்று பேர் இரண்டு வாரமாகப் பார்த்தும் எங்கள் கண்ணில் படாதது அது.

அனுப்பிய பிறகு மூன்று முதல் ஐந்து மாதம் காத்திருப்பு. அந்த நேரம் சும்மா இருப்பதற்கில்லை. சிப்பை வைத்து அளக்கும் போர்டை வரைவது, அளவீட்டு நிரல் எழுதுவது எல்லாம் அப்போதுதான்.

சிப் செத்து வந்தா பிஎச்டி போச்சா?

போகாது. முதல் சிப் முழுதாக வேலை செய்தவர்கள் குறைவு. முக்கியம், அது ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பது.

எங்கள் ஆய்வகத்தில் நடந்தது ஒன்று. பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் என்ற சர்க்யூட், வெப்பநிலை மாறினாலும் மாறாமல் சுமார் 1.2 வோல்ட் தர வேண்டும். சிப் வந்தது, மின்சாரம் கொடுத்தோம், 0 வோல்ட். பத்து சிப்பும் 0. அந்த மாணவர் முகம் இருண்டுவிட்டது. மாலையில் உள்ளே இருக்கும் ஒரு புள்ளியின் மின்னழுத்தத்தைப் பார்க்க, சோதனைப் பின்னில் மீட்டரின் முனையை வைத்தார். வைத்த நொடியில் வெளியீடு 1.2 வோல்ட்டுக்குத் தாவியது. முனையை எடுத்தார், அப்படியே நின்றது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டார், மறுபடி 0.

இந்த வகை சர்க்யூட்டுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று சரியாக ஓடுவது, இன்னொன்று எந்த மின்னோட்டமும் இல்லாமல் தூங்குவது. தூக்கத்திலிருந்து எழுப்ப ஒரு சிறு துணை சர்க்யூட் வைக்க வேண்டும். வைத்திருந்தார், ஆனால் அது தேவைக்கும் பலவீனமாக இருந்தது. சிமுலேஷன் நிரல் கணித ரீதியாகச் சரியான நிலையை நேரே போய்ப் பிடித்துக்கொண்டதால் கடைசிவரை தெரியவில்லை. மீட்டர் உறிஞ்சிய துளி மின்னோட்டம் அதை எழுப்பிவிட்டது. சோதனைப் பின்னில் ஒரு மின்தடையைச் சாலிடர் செய்து மீதி அளவீடுகளை எல்லாம் முடித்தோம். அவரது ஆய்வேட்டில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதன்பின் வந்த மாணவர்கள் எல்லோரும் மின்வழங்கலைச் சுழியிலிருந்து மெதுவாக ஏற்றி, எல்லா வெப்பநிலையிலும் சிமுலேஷன் ஓட்டிவிட்டுத்தான் டேப்-அவுட் பக்கம் வருகிறார்கள்.

சிமுலேஷன்லயே எல்லாம் தெரியும்போது எதுக்கு சிப் செய்யணும்?

முந்தைய பதிலே பாதி பதில். சிமுலேஷன் நீங்கள் கொடுத்த மாதிரியைத்தான் கணக்கிடும். கொடுக்க மறந்ததைச் சொல்லாது. சிப்பிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய பாண்ட் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இண்டக்டன்ஸ் மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி. 2 மில்லிமீட்டர் கம்பி 5 கிகாஹெர்ட்ஸில் 63 ஓம் போல நடந்துகொள்ளும். நிலம் (கிரவுண்ட், 0 வோல்ட்) என்று வரைபடத்தில் போட்ட புள்ளி, நிஜ சிப்பில் நிலமாகவே இருக்காது. அதை மாதிரியில் சேர்க்காதவருக்கு ஆம்ப்ளிஃபையர் தானாகவே அலையும் ஆசிலேட்டராகி நிற்கும்.

சிமுலேஷனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இன்று எல்லோரும் பயன்படுத்தும் கருவிகளின் மூதாதை ஸ்பைஸ், பெர்க்லியில் ஒரு வகுப்பின் மாணவர்கள் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது. லாரன்ஸ் நேகல் மாணவராக இருந்து அதை எழுத, 1973-ல் வெளிவந்தது. அதை எல்லோருக்கும் தடையில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதில் பெடர்சன் உறுதியாக நின்றார். ஒரு பேராசிரியரின் வாழ்நாள் பங்களிப்பு என்று எதைச் சொல்வது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த முடிவைத்தான்.

ஒரு சிப் செய்ய ஏகப்பட்ட பணம் ஆகுமே, யார் கொடுக்கிறாங்க?

அரசின் ஆராய்ச்சி நிதி, கம்பெனிகளின் கூட்டமைப்பு, தனிக் கம்பெனிகள். பேராசிரியரின் நேரத்தில் கணிசமான பங்கு இதற்கான விண்ணப்பங்களில்தான் போகிறது. பலர் எதிர்பார்க்காத பகுதி இது.

சிப்கள் அச்சாகும் சிலிக்கான் வட்டத் தகடுதான் வேஃபர். முழு வேஃபரை ஒரு ஆய்வகம் வாங்க முடியாது. பல பேரின் டிசைன்களை ஒரே வேஃபரில் சேர்த்து, செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இந்த வழியைத் திறந்ததில் லின் கான்வேக்குப் பெரும் பங்கு உண்டு. 1978-ல் எம்ஐடியில் அவர் எடுத்த வகுப்பில் மாணவர்கள் வரைந்த டிசைன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு உண்மையான சிப்களாகத் திரும்பி வந்தன. கார்வர் மீடும் அவரும் வகுத்த எளிய லேஅவுட் விதிகள் அதைச் சாத்தியமாக்கின. 1981-ல் அமெரிக்காவில் மோசிஸ் என்ற சேவை தொடங்கியது இதன் தொடர்ச்சியாகத்தான். ஐரோப்பாவில் யூரோபிராக்டிஸ் இதே வேலையைச் செய்கிறது. சில சதுர மில்லிமீட்டர் இடம் வாங்கினால் சில டஜன் சிப்கள் கையில் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு அது தாராளம்.

எங்க பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதியும் இல்லை. அப்போ என்ன செய்றது?

முன்பு இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை. ஃபேபின் டிசைன் கிட்டை, அதாவது அதன் டிரான்சிஸ்டர் மாதிரிகளும் லேஅவுட் விதிகளும் அடங்கிய தொகுப்பை, தொடவே ரகசிய ஒப்பந்தம் போட வேண்டும். சில நாட்டு மாணவர்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் அனுமதியே கிடைக்காது. 2020-ல் ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் கிட்டை கூகுளோடு சேர்ந்து திறந்த மூலமாக வெளியிட்டார்கள். ஜெர்மனியின் ஐஎச்பி ஆய்வு நிறுவனமும் தன் 130 நானோமீட்டர் கிட்டைத் திறந்துவிட்டது. ஒப்பந்தம் இல்லை, உரிமக் கட்டணம் இல்லை, வீட்டுக் கணினியில் ஓடும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

130 நானோமீட்டர் பழசுதானே என்று ஒதுக்க வேண்டாம். சென்சார், மருத்துவக் கருவி, மின்மேலாண்மை போன்ற எத்தனையோ அனலாக் வேலைகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். என் மாணவர்களுக்கு முதல் லேஅவுட் பயிற்சியை இப்போது இதில்தான் கொடுக்கிறேன். செய்ததை யாருக்கு வேண்டுமானாலும் திறந்து காட்டலாம் என்பதே பெரிய சுதந்திரம்.

மத்த துறையில வருஷத்துக்குப் பத்து பேப்பர் போடுறாங்க. இங்க ஏன் இவ்வளவு கம்மி?

ஒன்றரை வருடக் கணக்குதான் காரணம். 1954-ல் தொடங்கி இன்று வருடாவருடம் பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடும் ஐஎஸ்எஸ்சிசி மாநாடும், 1966-லிருந்து வரும் ஐஇஇஇ-யின் (மின்னியல் பொறியாளர்களின் உலகளாவிய சங்கம்) சாலிட்-ஸ்டேட் சர்க்யூட்ஸ் ஆய்விதழும்தான் எங்கள் துறையின் உயர்ந்த மேடைகள். அங்கே பொதுவாக அளந்து காட்டிய சிப் வேண்டும். சிமுலேஷன் வளைவு மட்டும் கொண்டுபோனால் எடுபடாது. ஒரு மாணவர் பிஎச்டியில் இரண்டு மூன்று சிப் செய்து, அவற்றில் ஒன்று இந்த மேடைக்குப் போனாலே மிக நல்ல ஆய்வேடு.

பதவி உயர்வுக் குழுவில் வேறு துறைக்காரர்கள் இருந்தால் இதை விளக்க வேண்டிவரும். எண்ணிக்கையை வைத்து மட்டும் எடை போடும் இடங்களில் இளையவர்கள் படும் பாட்டைப் பார்த்து எனக்குக் கோபமே வந்திருக்கிறது. சிப் செய்யாமல் வேகமாகக் கட்டுரை எழுதும் பக்கம் அவர்களைத் தள்ளுவது துறைக்கே நஷ்டம்.

மாணவர் ராப்பகலா செஞ்ச சிப்புக்குப் பேராசிரியர் பேரு எதுக்கு?

நியாயமான கேள்வி. வழக்கம் என்னவென்றால், வேலையைச் செய்த மாணவர் பெயர் முதலில், வழிகாட்டி பெயர் கடைசியில். பேராசிரியர் பிரச்சினையை எடுத்துக் கொடுத்து, சர்க்யூட்டில் கையை வைத்து, தவறைப் பிடித்து, கட்டுரையைத் திருத்தியிருந்தால் அந்தக் கடைசி இடத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. நிதி மட்டும் வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லும் பகுதியில் இடம் இருக்கிறது.

அப்போ நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வயசானா சர்க்யூட்டே தொடமாட்டாங்களாமே?

சிலர் தொடுவதில்லை, உண்மைதான். நிர்வாகமும் பயணமும் விழுங்கிவிடும். அதனால் சேரும் முன் அவரிடம் கேட்பதைவிட அவருடைய மாணவர்களிடம் கேளுங்கள். போன சிப்பின் லேஅவுட்டை அவர் திரையில் பார்த்தாரா? சிப் செத்து வந்தபோது என்ன சொன்னார்? மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்துப் போகிறார்கள், போனவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம்.

ஆய்வகத்தை ஒரு நடை சுற்றிப் பாருங்கள். மேசையில் சாலிடர் கறை, பாதி அளந்த போர்டு, சுவரில் கையால் வரைந்த சர்க்யூட் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

கம்பெனியில 3 நானோமீட்டர்ல நூறு பேர் சேர்ந்து செய்றாங்க. பல்கலைக்கழகத்துல கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

கம்பெனி அடுத்த வருடம் விற்பதைச் செய்ய வேண்டும். தோற்றுப்போகலாம் என்று தெரிந்தே ஒன்றைச் செய்து பார்க்க அங்கே இடம் குறைவு. ரேடியோ சர்க்யூட்டுக்கு, டிஜிட்டல் சிப்களில் இருக்கும் சாதாரண சீமாஸ் வகை டிரான்சிஸ்டர் லாயக்கில்லை என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், அதில் முடியும் என்று சிப்பாகவே செய்து காட்டியவர்களில் அபிதியின் குழு முன்னணியில் இருந்தது. இன்று கைப்பேசியின் வைஃபை, ப்ளூடூத் எல்லாம் சீமாஸில்தான்.

இன்னொன்று, காலம். 1975-ல் ஜேம்ஸ் மெக்ரியரி என்ற மாணவரும் பால் கிரேயும் கெப்பாசிட்டர்களில் இருக்கும் மின்னூட்டத்தைப் பகிர்ந்து அனலாக்கை டிஜிட்டலாக்கும் முறையை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டர் சிறுத்து, ஸ்விட்ச் மலிவான பிறகு அதே யோசனைக்கு மறுவாழ்வு வந்தது. 2008-ல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு, நொடிக்கு 10 லட்சம் மாதிரி எடுக்கும் 10 பிட் மாற்றியை வெறும் 1.9 மைக்ரோவாட்டில் இந்த முறையில் ஓட்டிக் காட்டியது. நடுவில் 33 வருடம்.

வெளியில பல மடங்கு சம்பளம் கிடைக்கும்போது ஏன் இங்க இருக்கீங்க? சொந்தக் கம்பெனியாவது ஆரம்பிக்கலாமே?

சம்பள வித்தியாசம் உண்மை. பணம் முதல் தேவையாக இருப்பவர் வெளியே போவதில் தவறே இல்லை. பிறகு திரும்பி வரலாம், மேலே சொன்னவர்கள் வந்தார்கள். நான் இருப்பது, ஒன்றும் தெரியாமல் வந்த ஒருவர் ஐந்து வருடம் கழித்து என் சர்க்யூட்டில் இருக்கும் தவறை எனக்கே விளக்கும் அந்த நாளுக்காக. அது ஒவ்வொரு மாணவரிடமும் வரும். எனக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை.

கம்பெனி ஆரம்பித்தவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வளாகப் பேராசிரியர் ஹென்றி சாமுவேலி 1991-ல் தன் மாணவர் ஹென்றி நிக்கலஸோடு பிராட்காம் என்ற சிப் கம்பெனியைத் தொடங்கினார். ஸ்டான்ஃபோர்டின் தெரசா மெங் 1998-ல் அதெரோஸ் என்ற சிப் கம்பெனியைத் தொடங்கினார். ஆனால் மாணவரின் ஆய்வேடும் கம்பெனியின் பொருளும் ஒன்றாகக் கலந்துவிட்டால், எதை வெளியிடலாம், எப்போது பட்டம் முடியும் என்பதில் மாணவர்தான் நசுங்குவார். பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் தெரிவித்து, மாணவருக்கு இன்னொரு பேராசிரியரைக் கண்காணிப்பாளராக வைப்பது அவசியம். இதில் சமரசம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏஐ சர்க்யூட் வரைய ஆரம்பிச்சுட்டா இந்த வேலை இருக்குமா?

டிரான்சிஸ்டர் அளவுகளைத் தேடிக் கொடுப்பது, லேஅவுட்டை உருவாக்குவது ஆகியவற்றில் நிரல்கள் ஏற்கெனவே உதவுகின்றன, இன்னும் வளரும். நல்லதுதான். விதிச் சோதனையில் மாணவரின் இரவுகள் வீணாவதை நான் விரும்பவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதும், வந்த பதில் நம்பத்தக்கதா என்பதும் மனிதர் வேலையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். பேண்ட்கேப் கதையில் சிமுலேஷன் 1.2 வோல்ட் என்று அடித்துச் சொன்னது. மீட்டரை வைத்தவருக்குத்தான் விஷயம் தெரிந்தது. அதனால் பாடத்தில் இப்போது அளவீட்டுக்கு முன்பைவிட அதிக வாரங்கள் ஒதுக்குகிறேன்.

இந்த வழி எனக்கு ஒத்து வருமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

ஒரு வார இறுதி போதும். ஒரு டிரான்சிஸ்டர், சில மின்தடைகளை வைத்து பிரெட்போர்டில் ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டுங்கள். கலெக்டரில் 1 மில்லியாம்பியர் ஓடட்டும், 2.2 கிலோஓம் சுமை வையுங்கள். எமிட்டர் மின்தடைக்கு இணையாக 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பாடப்புத்தகக் கணக்கில் பெருக்கம் 2200-ஐ 26-ஆல் (1 மில்லியாம்பியரில் எமிட்டரின் உள் மின்தடை, ஓமில்) வகுத்தால் வருவது, சுமார் 85. 1 கிலோஹெர்ட்ஸில் சில மில்லிவோல்ட் சிக்னல் கொடுத்து அளந்தால் 72 பக்கத்தில் வரும்.

அந்த 13 எங்கே போனது? உதிரிபாகம் சரியில்லை என்று விட்டுவிட மனம் வருகிறதா, அல்லது கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரடாக மாற்றிப் பார்க்கக் கை போகிறதா என்று கவனியுங்கள். மாற்றியதும் எண் ஏன் ஏறுகிறது என்று கணக்கோடு ஒரு பக்கம் எழுதுங்கள். சேர விரும்பும் ஆய்வகத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அதை இணைத்துவிடுங்கள். எனக்கு வந்தால் மதிப்பெண் பட்டியலைத் திறக்கும் முன் அதைத்தான் படிப்பேன்.